பதினேழாம் மனையும் அத்தானின் கண்ணாடியும்

கல்யாணப் பேச்சுக்காக முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தான் என் அக்காவைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வாசலில் மூன்று வருடமாகப் பூக்காமல் நின்ற ரோஜாத் தொட்டியைத்தான் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, எச்சில் தொட்டுப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி தள்ளினார். நாடா அறுபடாமல் இரண்டு அங்குலம் வந்தது. "களி ஜாஸ்தி. தண்ணி இறங்காது. வேர் அழுகிட்டிருக்கு" என்றார். கூட வந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அக்கா உள்ளே போய், "இவரையே பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தத் தொட்டிக்கு இந்த உரம் போடு, அந்த உரம் போடு என்று ஊரே சொன்னதே தவிர, ஒருத்தரும் மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அவள் சொன்ன காரணம். ஆனால் இன்றைக்கும் கோபம் வந்தால், "என்னப் பாக்க வந்தவர் தொட்டியப் பாத்துட்டுப் போனார்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நானும் அத்தானும் ஒரே அலுவலகம். மண் ஆய்வு அலுவலகம். அவர் குழிக்குள் இறங்கி மண்ணைப் படிப்பவர். நான் அவர் படித்ததைக் கோடு போட்டு வரைபடமாக்குபவன். எந்த நிலத்தில் பயிர் வைக்கலாம், எதில் வீடு கட்டலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று நாங்கள் சொல்ல, திட்டத் துறை அதன்படி ஊரைப் பிரிக்கும். நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தவன். ஆகவே எல்லாக் குற்றமும் என் தலையில் என்பது அக்காவின் கட்சி.

அலுவலகம் இரண்டாவது மாடியில் மூன்று அறை. முதல் அறை அதிகாரி அம்மாவுடையது. நடு அறை மண்ணுக்கு. எண் எழுதிய சீட்டோடு கட்டிய பைகள் அலமாரி நிறைய இருக்கும். தரையில் செய்தித்தாள் விரித்து மண் காயும், அதனால் எவ்வளவு புழுங்கினாலும் அங்கே மின்விசிறி போடக் கூடாது. கடைசி அறை என்னுடையது. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, பேனாக்கள், ஒரு பூதக்கண்ணாடி. கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மூலப் பிரதி கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை நீக்க யாருக்கும் நேரம் வரவில்லை. அந்த நேரமின்மைதான் எனக்குச் சோறு போடுகிறது.

அத்தானுக்கு அலுவலகத்தில் 'குழியார்' என்று பெயர். ஊரெல்லாம் குழி தோண்டுகிறவர், இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் ஒருத்தருக்கும் குழி பறித்ததில்லை என்று எங்கள் ஜீப் டிரைவர் சொல்வார். குழி ஓர் ஆள் ஆழம் இருக்கும். அத்தான் அதில் இறங்கி, சிறு கத்தியால் சுவரை மேலிருந்து கீழாகக் கொத்தி, அடுக்கு அடுக்காகப் பார்ப்பார். கையில் நிறப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை. மண்கட்டியை நனைத்து ஓட்டைக்குப் பின்னால் பிடித்து, எந்தச் சதுரத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். சிவப்பும் பழுப்புமாக இருந்தால் தண்ணீர் நின்று தொல்லை கொடுக்காத மண். நடுவில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால், வருடத்தில் சில மாதம் தண்ணீர் அந்த மட்டம் வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம். கோடையில் வெடித்துக் காய்ந்து கிடந்தாலும் புள்ளி காட்டிக் கொடுத்துவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் புள்ளி வந்தால் அந்த இடம் வீடு கட்ட ஆகாது. பயிர் வைக்கலாம்.

நடு அறைச் சுவரில் அத்தான் தன் கையால் மூன்று விதி எழுதி ஒட்டியிருந்தார். மண் ஈரமாக இருக்க வேண்டும். வெயில் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி கூடாது. மூன்றாவது விதியில் அவருக்கு ஒரு வெறியே உண்டு. வேறு அலுவலகத்திலிருந்து உதவிக்கு வந்த ஒருவர் கூலிங் கிளாஸோடு குழிக்குள் இறங்கினார் என்பதற்காக இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்ய வைத்த மனிதர் இவர். அந்த ஆள் போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த மனிதருக்கு நாற்பத்தெட்டு வயதில் கிட்டப் பார்வை மங்கியது. செய்தித்தாளை நீட்டி நீட்டிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதவில்லை. நானும் அக்காவும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்தோம். கண்ணாடி வாங்கப் போனது அக்காவும் நானும் மட்டும்தான். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "வெயில்ல போனா தானா பழுப்பா கறுக்கும், நிழலுக்கு வந்தா தானா தெளியும்" என்றார். நாளெல்லாம் வெயிலில் நிற்கிற மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அக்கா அதையே எடுத்தாள். வீட்டில் கொடுக்கும்போது, "வெயிலுக்கு இதமா இருக்கும், போட்டுக்கோங்க" என்றாள். அவர் போட்டுப் பார்த்து, "நல்லா தெரியுது" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு மனிதன் தன் மூக்கின் மேல் இருப்பதை ஒரு வருடம் கவனிக்காமல் இருப்பானா என்று கேட்பீர்கள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது என்று கடைக்காரர் பிற்பாடு விளக்கினார். அதோடு இவர் மண்ணைத் தவிர எதையும் பார்க்காதவர். ஒரு தடவை அக்கா கூடத்துச் சுவருக்கு நீல வண்ணம் அடித்தாள். பதினோரு நாள் கழித்து, "என்னமோ வீடு குளிர்ச்சியா இருக்கே" என்றார். குழி வெட்டுகிறவர்கள் பார்த்தார்கள், டிரைவர் பார்த்தார், 'ஹீரோ சார்' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். விதி எழுதியவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்கள். நான் அலுவலகத்துக்குள் இருப்பவன், கடையில் கேட்டதை மறந்து தெளிந்த கண்ணாடியை மட்டுமே பார்த்தவன். அவருக்குத் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தக் கண்ணாடியோடுதான் அவர் ஊருக்கு வெளியே இருந்த பெரிய நிலப்பரப்பை ஆய்வு செய்தார். நாற்பத்தொரு குழி. கிழக்குச் சரிவு தண்ணீர் வடிகிற நல்ல மண், வீடு கட்டலாம் என்று எழுதினார். நான் கோடு போட்டேன். அந்த முதல் வரைபடத்தை நம்பி, எங்கள் துறை ஊழியர்களின் வீட்டு மனைச் சங்கத்துக்குக் கிழக்குச் சரிவு கிடைத்தது. வரிசைக்கு நாலாக ஐந்து வரிசை, இருபது மனை. சீட்டுக் குலுக்கினோம். அக்காவுக்குக் கடைசி வரிசையில் முதல் மனை, பதினேழு. எனக்கு அதற்கு மேல் வரிசையில் பதிமூன்று. தம்பி தலைக்கு மேல் உட்கார்ந்துவிட்டான் என்று அக்கா கொஞ்ச நாள் முறைத்தாள்.

அந்தப் பதினேழு அவளுக்கு என்னவென்று சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஏழு வாடகை வீடு. ஒன்றில் விடிவதற்கு முன்னால் மட்டும் தண்ணீர் வரும். இன்னொன்றில் மாடிப்படி நம்முடையது இல்லை, ஏறலாம், நிற்கக் கூடாது. எல்லா வீட்டிலும் பொதுவான ஒரு சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கல்யாணப் படம் இருபத்திரண்டு வருடமாக அலமாரி மேல் சாய்ந்தே நின்றது. "என் சுவர், என் ஆணி. அது போதும்டா எனக்கு" என்பாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்துகொண்டே இருந்தாள். சமையலறை ஜன்னல் ஒவ்வொரு தாளிலும் இடம் மாறும். ரோஜாத் தொட்டி மட்டும் எல்லாத் தாளிலும் அதே மூலையில் இருக்கும்.

வரைபடம் கடைசிக் கையெழுத்துக்குப் போக ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மூவரும் மனையைப் பார்க்கப் போனோம். சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்று நேரில் நின்று முடிவு செய்ய வேண்டுமாம். அக்கா அத்தானை மனைக்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி போனில் படம் பிடித்தாள். அது போன மாதம் வாங்கிய போன். பார்க்கிறதையெல்லாம் படம் பிடிக்கிற கட்டத்தில் இருந்தாள். மர நிழலுக்கு அழைத்துப் போய்ப் படத்தை அவரிடம் காட்டினாள்.

அத்தான் பார்த்தார். "யாரோட கண்ணாடி இது?" என்றார்.

"உங்களோடதுதான். மூக்குமேல இருக்கே."

"இது கறுப்புக் கண்ணாடி."

"வெயில்ல கறுக்கும். வாங்கிக் குடுக்கறப்பவே சொன்னேனே, இதமா இருக்கும்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் கண் முன்னாலேயே மெதுவாகப் பழுப்பேறியது. அப்போது அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். எனக்கு அதற்குப் பிறகுதான் மூளையில் உறைத்தது. அக்காவுக்கு எனக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மனைக்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "அத்தான், மண்ணையும் அந்தக் கண்ணாடி வழியாத்தான் பாத்தீங்க, புத்தகத்தையும் அதே வழியாத்தான் பாத்தீங்க. ரெண்டும் ஒரே மாதிரிதானே கறுத்திருக்கும். ஒத்துப் பாத்தது சரியாத்தான் இருக்கும்."

"பாத்தத ஒத்துப் பாத்தேன் மாப்ள. பாக்காதத எப்படி ஒத்துப் பாப்பேன்? சாம்பல் புள்ளி கடுகளவு இருக்கும். பழுப்பு மண்ணு, பழுப்புக் கண்ணாடி. புள்ளி இருந்தாலும் கண்ணுக்கு வந்திருக்காது."

கடைசி வரிசைக்குக் கீழே சாலைக்காக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அத்தான் அதில் இறங்கினார். கத்தி இல்லை, வீட்டுச் சாவியால் சுவரைக் கொத்தினார். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி நனைத்தார். கண்ணாடி போட்டால் பழுப்பு, கழற்றினால் மங்கல். இரண்டுக்கும் நடுவில் அவர் தவித்த தவிப்பைப் பார்க்க முடியாமல், சட்டைப் பையில் இருந்த என் பூதக்கண்ணாடியை நீட்டினேன். கொடுத்த கையை அந்த நேரத்தில் வெட்டிப் போடலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"அறுபது சென்டிமீட்டர்ல இருக்கு" என்றார்.

"சமையலறை எந்தப் பக்கம்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அக்கா எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவர் அதிகாரி அம்மா அறைக்குப் போனார். கூடவே என்னையும் அழைத்தார், எதற்கென்று தெரியவில்லை. கண்ணாடி விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மா முதலில் சிரித்துவிட்டார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இருபது மனையும் குலுக்கிக் குடுத்தாச்சு. உங்க மனையும் அதுல இருக்கு. நீங்க வந்து சொல்லலன்னா இது யாருக்கும் தெரியப்போறதில்ல."

"சுவத்துல எழுதி ஒட்டினது நான்தான் மேடம்."

அந்த அம்மா எட்டி நடு அறைச் சுவரைப் பார்த்தார். "கையெழுத்த அடுத்த திங்கக்கெழமைக்குத் தள்ளி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடைய பழைய படிக்கிற கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அது பெண்கள் கண்ணாடி, ஓரத்தில் சின்னதாக ஒரு பூ. அன்றைக்கே கடைக்குப் போய் அளவு கொடுத்தோம், புதுக் கண்ணாடி கைக்கு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். ஆகவே அந்த வாரம் முழுவதும் அத்தான் பூப்போட்ட கண்ணாடியோடுதான் குழிக்குள் இறங்கினார். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் சறுக்கின யானைக்குப் பூ வைத்தது எங்கள் அலுவலகம்தான் என்று டிரைவர் சொன்னார். அத்தான் முகத்துக்கு நேராகவே சொன்னார். அத்தானும் சிரித்தார். வியாழக்கிழமை வரை அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கிழக்குச் சரிவில் பதினோரு குழி புதிதாக வெட்டினார்கள். மேல் மூன்று வரிசையில் பழுதில்லை, நாலாவதிலும் பழுதில்லை. கீழ் வரிசையில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது மூன்றிலும் சந்தேகமே இல்லை, எழுபதுக்குள் சாம்பல். பதினேழுதான் சரிவின் மேடான மூலை. இரண்டு குழிக்கு நடுவில் மண் எங்கே மாறுகிறது என்று பார்க்க, ஆகர் என்று நாங்கள் சொல்லும் திருகுக் கம்பியைக் கையால் முறுக்கி இறக்கி, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக மண்ணை எடுத்துப் பார்த்தார். பதினேழின் கீழ் மூலையில் எழுபத்தைந்து. நடுவில் தொண்ணூறு. மேல் மூலையில் நூற்றுமூன்று.

புதன்கிழமை சாயங்காலம் இந்த எண்களோடு அவர் என் மேசைக்கு வந்தார். எங்கள் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஐம்பது மீட்டர். என் பேனா போடுகிற கோடு அரை மில்லிமீட்டர். அதாவது கோடே தரையில் இரண்டரை மீட்டர் அகலம். மனை மொத்தமும் அந்தத் தாளில் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான். இப்படிப்பட்ட தாளில் கோட்டை மனைக்குக் கீழே போடுவதற்கும் மேலே போடுவதற்கும் நடுவில் இருப்பது பேனாவின் ஒரு சிறு அசைவு.

"ஒரு மூல நூத்திமூணு இருக்கே அத்தான். விதிப்படி அது நல்ல பக்கம்தானே. கோட்ட பதினேழுக்குக் கீழ வளைச்சு விட்டா யாரு கேக்கப்போறா? இந்தப் பேனாவுக்கே ரெண்டரை மீட்டர் தடிமன்."

"தண்ணி உன் பேனாவப் பாத்துட்டு நிக்காது மாப்ள" என்றார். ஆனால் உடனே மேலே போடு என்று சொல்லவில்லை. எண்கள் எழுதிய தாளை என் மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார், மறுபடி வைத்தார். "நாளைக்கு சொல்றேன்" என்று போய்விட்டார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு கோட்டுக்கு நாளைக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் போன பிறகு நான் பென்சிலை எடுத்து, மெல்லிசாக, பதினேழுக்குக் கீழே கோட்டை வளைத்தேன். அழகான வளைவு. என் அக்காவுக்கு நான் செய்த ஒரே சீர் என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை நடுப்பகலில் அக்கா சாப்பாட்டுப் பையோடு கிழக்குச் சரிவுக்கு வந்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அத்தான் பதினேழாம் மனையின் நடுவில் வெட்டிய குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். அக்கா பையை என் கையில் கொடுத்தாள், செருப்பைக் கழற்றினாள், "கையப் புடிங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தோண்டிய குழி ஆயிரம் இருக்கும், அவள் ஒன்றில்கூட இறங்கியதில்லை. அத்தான் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். குழிக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க அது? காட்டுங்க."

அவர் சுவரை நனைத்து என் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அக்கா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தக் கடுகுக்கா?"

"இதுக்குத்தான். மழைக்காலத்துல தண்ணி இதுவரைக்கும் வந்து நிக்கும். வீடு உடனே விழாது. சுவரு ஓதமேறும், கழிவுத் தொட்டி நிரம்பிப் பின்னால வரும். பத்து வருஷத்துல விரிசல் விடும்." கத்தி முனையால் மேட்டுப் பக்கம் காட்டினார். "மேல் மூலையில கொஞ்சம் பரவாயில்ல. அத வச்சு நல்ல மண்ணுன்னு எழுதலாம். எழுத முடியும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கும்தான். அக்கா பூதக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் மேலே நீட்டினாள்.

"இதப் பாக்காம விட்டீங்களே, அதுக்கு நான் வாங்கிக் குடுத்த கண்ணாடி காரணம். பாத்தப்புறமும் விட்டா அதுக்கு நீங்கதான் காரணம். எனக்கு மொதல் பழியே போதும்" என்றாள். "ரெண்டாவதையும் சேத்து வச்சுக்கிட்டு அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

அத்தான் பூப்போட்ட கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். குழிக்குள் நின்றபடியே இருவரும் சாப்பிட்டார்கள், மேலே நின்று நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சாப்பிடும்போது அக்கா, "என் வாயில மண்ணப் போடறதுன்னா இதுதான் போல" என்றாள். அத்தானுக்குச் சிரித்துப் புரையேறி, அக்கா அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே என் மேசைக்குப் போய்ப் பென்சில் கோட்டை அழித்தேன். அடையாளம் தெரியாமல் அழித்து, பதினேழுக்கு மேலே மை கொண்டு கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை அத்தான் சரிபார்க்க வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கித் தாள் முழுவதும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மனைச் சங்கக் கூட்டம். அத்தான் எழுந்து நின்று தன் தப்பைத் தானே சொன்னார். கீழ் வரிசை நாலு மனையிலும் வீடு கூடாது, மேலே உள்ள பதினாறு மனையின் இடத்தை இருபதாகப் பிரித்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும் என்றார். பதினெட்டு மீட்டர் நீள மனை ஏறக்குறைய பதினான்கு மீட்டராகச் சுருங்கும். கூட்டம் சும்மா இருக்குமா? எங்கள் கணக்குப் பிரிவுக்காரர், ஆறாம் மனைக்குச் சொந்தக்காரர், "கறுப்புக் கண்ணாடிய இவரு போட்டுக்கிட்டு மண்ண எங்க கண்ணுல தூவிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் தலையாட்டினார், ஏனென்றால் சொன்னது உண்மை. பிறகு அதே ஆள் கேட்டார்.

"பதினேழு உங்களோடதுதானே?"

"ஆமா."

"அதுவும் போகுதா?"

"மொதல்ல போறது அதுதான்."

ஆறாம் மனைக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நாலு மீட்டர எடுத்துக்கங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு எவ்வளவு சுருங்கும் என்பதைப் பற்றி இருந்ததே தவிர, சுருங்கலாமா என்பதைப் பற்றி இல்லை. கீழ் வரிசையை இருபது வீட்டுக்கும் பொதுவான காய்கறித் தோட்டமாக வைப்பது என்று முடிவானது. திட்டத் துறை திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டது. அத்தான் அதற்கப்புறம் ஒரு மாதம் மீதி முப்பது குழிகளையும் திரும்பத் தோண்டிப் பார்த்தார். அங்கெல்லாம் மேடும் மணலும். எதுவும் மாறவில்லை.

வீடு கட்டி முடிய ஒன்றரை வருடம் ஆனது. அக்காவுக்கு இப்போது நாலாவது வரிசையில் ஒரு வீடு. எனக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். கூடம் சின்னது, சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். குடிபோன அன்று சாமான்களை இறக்கும் முன் அக்கா சுத்தியலை எடுத்தாள். முதல் ஆணியில் கல்யாணப் படத்தை மாட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். மனைக்கல் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அத்தான் நிற்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தாள், அதை மாட்டினாள். கல்யாணப் படம் இரண்டாவது ஆணிக்குப் போனது. சேர்த்து அன்றைக்கு ஒன்பது ஆணி அடித்தாள். ஐந்தில் மாட்ட எதுவும் இல்லை.

போன மழைக்காலத்தில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் குடை பிடித்துக்கொண்டு மூவரும் தோட்டத்துப் பக்கம் போனோம். கீழ் வரிசை முழுக்கத் தண்ணீர். கணுக்கால் வரை ஆழம், கத்தரி நாற்றெல்லாம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பழைய பதினேழாம் எண் கல் தண்ணீருக்கு நடுவில் நின்றது. ஒரு தவளை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அதோ, அந்தத் தவள இருக்கிற இடம் என் சமையலறை" என்றாள் அக்கா. அவள் குரலில் வருத்தம் ஒரு துளியும் இல்லை. ஒரு வீட்டை இழந்தவள் மாதிரி இல்லை, ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தவள் மாதிரி நின்றாள். பிறகு தண்ணீரின் விளிம்பு வரை நடந்து போய், அங்கிருந்து கோடு போட்ட இடம் வரை அடி வைத்து அளந்தாள். "ஏங்க, உங்க கோட்டுக்கு மேல மூணடி வந்திருக்கு தண்ணி. உங்க கணக்கு தப்பு."

"என் கணக்கு சரிதான். அது உன் தம்பி பேனாவோட தடிமன்" என்றார் அத்தான்.

அக்கா சிரித்துக்கொண்டே தோட்டத்தைப் படம் பிடிக்கப் போனாள். நானும் அவரும் ஒரு குடைக்குள் நின்றோம். அவர் குனிந்து ஒரு சிட்டிகை ஈரமண்ணை எடுத்து விரலில் உருட்டினார். தண்ணீரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பென்சில் கோட்ட நல்லாத்தான் அழிச்சிருந்த மாப்ள. லென்ஸ் வச்சுப் பாத்தாத்தான் தெரிஞ்சது."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? புதன்கெழம ராத்திரி என் மனசுலயும் அதே கோடுதான் இருந்துச்சு. நீ தாள்ல போட்ட, நான் போடல. ரெண்டு பேருக்கும் சேத்து உங்க அக்காதான் அழிச்சா."

அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன், வயதில் பெரியவர் என்றாலும். தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா போனை உயர்த்தி, ரெண்டு பேரும் இங்க பாருங்க என்று கூப்பிட்டாள். அத்தான் அவசரமாகத் தன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாதாரணக் கண்ணாடிதான். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.